வார்சா வானில் ஆறு நாள்கள்

இரண்டாம் உலகப் போரைச் சுருக்கிச் சொல்லும் நூல்களில் ஒரு வாசகம் நெடுங்காலமாக மாறாமல் இடம்பெற்று வந்திருக்கிறது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தபோது, போலந்து விமானப்படை எழும்புவதற்கு முன்பே தரையிலேயே அழிக்கப்பட்டுவிட்டது என்பதே அவ்வாசகம். ஒரே வரியில் ஒரு படையையே முடித்துவிடும் இந்தக் கூற்றை நம்மில் பலர் பள்ளி நாள்களிலேயே படித்து, ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்த நாளும் அதற்குப் பின் வந்த ஐந்து நாள்களும் எவ்வாறு கழிந்தன என்பதை ஒரே ஒரு படைப்பிரிவின் அன்றாட வேலையை வைத்துப் பார்த்தாலே உண்மை வேறு என்பது புலனாகும். அப்பிரிவு, போலந்து விமானப்படையின் 111-ஆம் போர்விமானப் பிரிவு. பெயர் கொசியுஸ்கோ பிரிவு.

பெயருக்கே ஒரு கதை உண்டு. ததேயுஸ் கொசியுஸ்கோ அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கர்களோடு நின்று போராடியவர். பின்னர்த் தம் தாய்நாட்டின் விடுதலைக்கும் போராடியவர். அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவதுபோல், 1919-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானிகள் சிலர் புதிதாய்ப் பிறந்த போலந்துக் குடியரசுக்காகப் பறக்க முன்வந்தனர். அவர்களுள் முதன்மையானவர்கள் மெரியன் கூப்பர், செட்ரிக் ஃபாண்டல்ராய் என்னும் இருவர். (இந்தக் கூப்பர்தான் பின்னாளில் 1933-இல் வெளிவந்த 'கிங் காங்' திரைப்படத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர் என்றால் வியப்பாயிருக்கும்.) கிராக்கோவ் உழவனின் சிவப்புத் தொப்பி, குறுக்காக வைத்த இரு அரிவாள்கள், அமெரிக்கக் கொடியை நினைவூட்டும் விண்மீன்களும் கோடுகளும் என அவர்கள் அமைத்துக்கொண்ட சின்னம், இருபது ஆண்டுகள் கழித்து 111-ஆம் பிரிவின் விமானங்களின் பக்கவாட்டில் அப்படியே விளங்கிற்று.

1939 ஆகஸ்ட் மாதத்தின் இறுதி நாள்களில் இப்பிரிவு வார்சாவின் நிலையான விமானத் தளத்தை விட்டுப் புறப்பட்டது. நகருக்கு வடகிழக்கே ஜெலோன்கா என்னும் ஊரருகே இருந்த ஒரு புல்வெளியில் போய் இறங்கிற்று. அங்கே ஓடுதளம் இல்லை, விமானக் கொட்டகையும் இல்லை. மரங்களின் ஓரமாக விமானங்களை நிறுத்திக் கிளைகளையும் வலைகளையும் போர்த்தி மறைத்தார்கள். இவ்வாறே நாடெங்கும் போர்விமானப் பிரிவுகள் தத்தம் நிலையான தளங்களைக் காலி செய்து மறைவான வெளிகளுக்குச் சென்றுவிட்டன. எனவே செப்டம்பர் முதல் நாள் அதிகாலையில் ஜெர்மானியக் குண்டுகள் புகழ்பெற்ற தளங்களின்மீது விழுந்தபோது, அங்கே எரிந்தவை பெரும்பாலும் பயிற்சி விமானங்களும் பழுதுற்றுக் கிடந்தவைகளுமே. 'தரையிலேயே அழிந்தது' என்னும் கூற்று இந்தப் புகையிலிருந்து பிறந்ததே. குண்டு வீசியவர்கள் எரியும் கொட்டகைகளைக் கண்டார்கள். அக்கொட்டகைகளுக்குள் இருந்தது என்ன என்று அவர்கள் பார்க்கவில்லை.

கிராக்கோவ் நகரில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அங்கே ராகொவிச்செ தளம் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. ஆனால் போர் விமானங்கள் பாலிச்செ என்னும் வேறோர் இடத்தில் இருந்தன. ஓசை கேட்டு அங்கிருந்து எழும்பியவர்கள் தளபதி மெச்சிஸ்வாவ் மெத்வெட்ஸ்கியும், துணைக்குச் சென்ற வ்வாதிஸ்வாவ் க்னிஷ் என்னும் இளம் விமானியும். குண்டு வீசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஜெர்மானிய விமானங்களுள் ஒன்று, ஃபிராங்க் நாய்பெர்ட் என்பவர் ஓட்டியது, மேலேறிக்கொண்டிருந்த மெத்வெட்ஸ்கியைச் சுட்டு வீழ்த்திற்று. அப்போரில் வான்சண்டையில் வீழ்த்தப்பட்ட முதல் விமானம் அதுவே எனக் கருதப்படுகிறது. க்னிஷ் எப்படியோ தப்பி மேலேறினார். சற்று நேரத்தில் இரு ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்களை எதிர்கொண்டு தாக்கினார். அவ்விரண்டும் ஜுராதா என்னும் சிற்றூரில் விழுந்து கிடந்தன. நாய்பெர்ட்டும் க்னிஷும் இருவருமே போரில் பிழைத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து 1989-இல் நேரில் சந்தித்துக் கைகுலுக்கினார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட்டு ஜெலோன்காவுக்குத் திரும்புவோம்.

வார்சா நகரைக் காப்பதற்கென்றே 'விரட்டுப் படை' ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் கர்னல் ஸ்டெஃபான் பாவ்லிகோவ்ஸ்கி. அதில் ஐந்து பிரிவுகள்; மொத்தம் 54 விமானங்கள். 111, 112 ஆகிய இரு பிரிவுகளும் கேப்டன் ஜிஜிஸ்வாவ் க்ராஸ்னோதெம்ப்ஸ்கியின் கீழ் ஜெலோன்காவில் இருந்தன. மற்ற மூன்றும் பொனியாத்துவ் என்னுமிடத்தில். 111-ஆம் பிரிவுக்கு நேரடித் தலைவர் கேப்டன் குஸ்தாவ் சிதொரோவிச். பிரிவொன்றுக்குப் பத்து விமானம் என்பது அந்நாளைய கணக்கு. மூன்று மூன்றாகச் சேர்ந்து பறப்பார்கள்.

அவர்கள் ஓட்டிய பி.11 என்னும் விமானத்தைப்பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். அதன் அடிப்படை வடிவம் சிக்முந்த் புவாவ்ஸ்கி என்னும் இளம் பொறியாளரின் கற்பனையில் உருவானது. கடற்பறவையின் விரித்த சிறகுபோல் இறக்கைகள் உடலருகே வளைந்து தாழ்ந்திருக்கும். அதனால் விமானியின் பார்வைக்கு இறக்கை குறுக்கே நிற்காது. 1930-களின் தொடக்கத்தில் உலகமே அதனைப் பாராட்டிற்று. புவாவ்ஸ்கியோ 1931-இல், முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில், தாமே வடிவமைத்த வேறொரு விமானத்தில் விபத்துக்குள்ளாகி மாண்டார். 1939-இல் அவருடைய படைப்பு பழமையாகிவிட்டது. விமானி அமரும் இடம் திறந்தவெளி. சக்கரங்கள் உள்ளிழுக்கப்படாமல் வெளியே தொங்கும். வேகம் மணிக்கு 375 கி.மீ. அளவே. பெரும்பாலானவற்றில் இரண்டே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். அவற்றின் குண்டும் சாதாரணத் துப்பாக்கிக் குண்டின் பருமனே. எதிரே வந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்கள் மணிக்கு 500 கி.மீ.க்கு மேல் பாய்ந்தன. இதைவிட வேதனை தருவது ஒன்று உண்டு. பி.11-ஐ மேம்படுத்திப் பி.24 என்னும் விமானத்தைப் போலந்தே தயாரித்தது. அதனைத் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் விற்றது. தன் பிள்ளைகளுக்கோ பழையதையே வைத்துக்கொண்டது. இன்னும் சிறந்த விமானம் வரும் என்று காத்திருந்த ஆட்சியாளரின் கணக்கு அது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் கேட்டிருந்த புதிய விமானங்கள் உரிய நேரத்தில் வந்து சேரவேயில்லை.

இனி ஒரு நாள் எப்படிப் போயிற்று என்று பார்ப்போம்.

விடியலுக்கு முன்பே மெக்கானிக்குகள் எழுந்து எஞ்சின்களை ஓட்டிச் சூடேற்றுவார்கள். விமானிகள் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு விமானத்தின் அருகிலேயே புல்லில் அமர்ந்திருப்பார்கள். ஓரத்தில் ஒரு கூடாரம். அதில் ஒரு தொலைபேசி. அந்தத் தொலைபேசியே பிரிவின் உயிர்நாடி எனலாம். எல்லைப்புறத்திலிருந்து தலைநகர் வரையிலும் கண்காணிப்பாளர்கள் வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள். ராடார் என்பது போலந்தில் இல்லை. கண்ணும் காதும் தொலைநோக்குக் கண்ணாடியுமே கருவிகள். அவர்கள் கண்டதைத் தொலைபேசியில் வார்சா மையத்துக்குச் சொல்வார்கள். அங்கே வரைபடத்தில் குறித்து, எந்தத் திசையில் எத்தனை விமானம் வருகிறது என்று கணித்து, விரட்டுப் படைக்கு ஆணை பிறப்பிப்பார்கள். பொதுமக்களுக்கும் வார்சா வானொலி 'கவனம், கவனம், வருகிறது' என்று எச்சரிக்கை ஒலிபரப்பியது.

ஏன் அந்தத் தொலைபேசியை உயிர்நாடி என்றோம்? பி.11 விமானம் 5,000 மீட்டர் உயரம் ஏறுவதற்கு ஏறக்குறைய 6 நிமிடம் பிடிக்கும். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு குண்டுவீச்சு விமானம் அதே 6 நிமிடத்தில் 30 கி.மீ. கடந்துவிடும். ஆகவே எதிரி தலைக்குமேல் தெரிந்தபிறகு எழும்புவதில் பயனில்லை. துரத்திப் பிடிக்க வேகமும் இல்லை. முன்கூட்டியே மேலேறிக் காத்திருந்தால் மட்டுமே உயரத்திலிருந்து பாய்ந்து ஒருமுறை தாக்க முடியும். அந்த ஒருமுறையிலும் எதிரிக்கு மிக அருகே, உடல் தெரியும் தூரத்துக்குச் சென்று சுட்டாக வேண்டும். வேகமற்ற விமானத்துக்கு முன்னெச்சரிக்கையே வேகம். வானொலிக் கருவிகளும் எல்லா விமானங்களிலும் இல்லை. இருந்தவையும் எட்டும் தொலைவு குறைவு. மேலேறியபின் தலைவனின் கைச்சைகையும் இறக்கையசைப்புமே ஆணைகள்.

செப்டம்பர் முதல் நாள் வெள்ளிக்கிழமை. மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் அதிகாலைத் திருப்பலிக்குச் சென்றிருந்தோர் போலந்துக் கோவில்களில் இருந்திருப்பார்கள். மூடுபனி தரையோடு தரையாய்ப் படிந்திருந்தது. அந்தப் பனியால் ஜெர்மானியர் அன்று வார்சாவின்மீது திட்டமிட்டிருந்த பெருந்தாக்குதலை அப்படியே நடத்த இயலவில்லை. எனினும் காலை ஏழு மணி அளவில் குண்டுவீச்சு விமானங்களும் அவற்றுக்குக் காவலாக வந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களும் நகரை நெருங்கின. விரட்டுப் படை ஏறத்தாழ முழுவதுமாக எழும்பிற்று. அலெக்சாண்டர் கப்ஷெவிச், ஆந்திரே நியெவியாரா என்னும் இருவர் ஒரு ஹைன்கல் விமானத்தைச் சேர்ந்து வீழ்த்தினர். வார்சாவைக் காத்தோர் பெற்ற முதல் வெற்றியாக அது சொல்லப்படுகிறது. வரிசை கலைந்த குண்டுவீச்சு விமானங்கள் பல, குண்டுகளைக் குறியின்றி உதிர்த்துவிட்டுத் திரும்பின.

மாலையில் இரண்டாம் முறை. இம்முறை காவல் விமானங்கள் மிகுதி. 111-ஆம் பிரிவின் தலைவர் சிதொரோவிச் அன்றே காயமுற்றார். பின்னர்ப் பிரிவை வொய்செக் யானுஷெவிச் ஏற்றார். பி.11-ஐவிடவும் பழமையான பி.7 விமானங்களோடு போரிட்ட 123-ஆம் பிரிவின் தலைவர் கேப்டன் மெச்சிஸ்வாவ் ஒல்ஷெவ்ஸ்கி உயிர் நீத்தார். விரட்டுப் படையின் துணைத்தலைவர் லியோபோல்ட் பமுவா, தாக்குண்ட தம் விமானத்தைக்கொண்டே எதிரி விமானமொன்றை மோதிவிட்டுப் பாராசூட்டில் இறங்கினார். ஒரே நாளில் இத்தனையும்.

இரவு வந்தபின் விமானிகள் உறங்கலாம். மெக்கானிக்குகளுக்கு அப்போதுதான் பகல். பி.11-இன் உடல் உலோகத் தகட்டால் ஆனது. குண்டு துளைத்த இடங்களில் தகட்டை வைத்து ஒட்டுப்போட வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் எதிரி கண்டுவிடுவான். எனவே மறைத்த விளக்கொளியில் வேலை. புதிய உதிரிப் பாகங்கள் வராத நிலையில், நொறுங்கிய விமானத்தின் பாகத்தைக் கழற்றி, குறைவாகப் பழுதான விமானத்துக்குப் பொருத்தினார்கள். எஞ்சின் கழுவி, தோட்டாப் பட்டைகளைக் கையால் அடுக்கி, பீப்பாய்களிலிருந்து பெட்ரோல் நிரப்பி, விடியும்போது எத்தனை விமானம் பறக்கும் என்ற எண்ணிக்கையைத் தளபதியிடம் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே. வான்சண்டையின் வீரப் பட்டியல்களில் இவர்கள் பெயர் இடம்பெறுவதில்லை. முதல் நாளில் 54 விமானத்தோடு தொடங்கிய படை ஆறாம் நாளிலும் ஏதோ ஓர் எண்ணிக்கையில் எழும்பிற்றென்றால், அதில் பாதிப் புகழ் இந்த எண்ணெய்க் கைகளுக்கு உரியது என்றே நாம் கருதுகிறோம்.

செப்டம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியின்மீது போர் அறிவித்த செய்தி வார்சாவில் பெருமகிழ்ச்சியை உண்டாக்கிற்று. மக்கள் தூதரகங்களின் முன்னே திரண்டு ஆரவாரித்தனர். அதே நாளில் க்ராஸ்னோதெம்ப்ஸ்கியின் விமானம் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டின் குண்டுகளால் தீப்பற்றிக்கொண்டது. உடலில் தீக்காயங்களோடு அவர் பாராசூட்டில் குதித்தார். பாராசூட்டில் தொங்கும் மனிதனையும் எதிரி சுட நெருங்கியபோது, ஆர்சென் செப்ஷின்ஸ்கி என்னும் தோழர் இடையே புகுந்து விரட்டினார். அன்றே அதே பிரிவின் மிரொஸ்வாவ் ஃபெரிச் என்னும் இளைஞரும் சேதமுற்ற விமானத்தை விட்டுக் குதிக்க நேர்ந்தது. போஸ்னியாவில் பிறந்த இவர் எழுதும் பழக்கம் உள்ளவர். இவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

துன்பம் எதிரியிடமிருந்து மட்டும் வரவில்லை. வானத்தில் பறப்பது எதுவாயினும் சுடு என்று பழகிவிட்ட சொந்தப் பீரங்கிகளும் சிப்பாய்களும் பலமுறை போலந்து விமானங்களையே சுட்டார்கள். தொலைபேசிக் கம்பிகள் குண்டுகளால் அறுந்தன. எல்லைப்புறக் கண்காணிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாக எதிரியின் கைக்குப் போயின. நான்காம், ஐந்தாம் நாள்களில் ஜெலோன்காவை நோக்கி வந்த எச்சரிக்கைகள் காலம் தாழ்ந்தன. நாம் மேலே சொன்ன 6 நிமிடம் கிடைக்கவில்லை. செப்டம்பர் 5-ஆம் நாள் 112-ஆம் பிரிவின் ஸ்டெஃபான் ஒக்ஷேயா களத்தில் வீழ்ந்தார். இவ்வாறு ஆறு நாள்களில் விரட்டுப் படை 40-க்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தது. தன் விமானங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. சண்டையின் சூட்டில் எடுக்கப்படும் கணக்குகள் எந்தப் படையிலும் சற்று மிகையாகவே இருக்கும் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஆயினும் ஜெர்மானிய விமானப்படையே இப்போரில் எல்லாக் காரணங்களாலும் 280-க்கு மேற்பட்ட விமானங்களை இழந்ததாகத் தன் ஏடுகளில் பதிந்துவைத்திருக்கிறது. தரையிலேயே அழிந்துபோன ஒரு நாட்டை எதிர்த்து இத்தனை இழப்பு நேர்ந்திருக்குமா?

ஆறாம் நாள் மேலிடத்து ஆணை வந்தது. விரட்டுப் படை வார்சாவை விட்டு லூப்ளின் பகுதிக்குச் செல்ல வேண்டும். மற்றப் படைகளுக்கு உதவ வேண்டும். அரசும் தலைமைத் தளபதியும் தலைநகரை விட்டு வெளியேறிய நாள்கள் அவை. தம் வீட்டாரும் உற்றாரும் நகருக்குள் இருக்க, அந்நகரின் வானத்தைக் காவலின்றி விட்டுப் புறப்பட்ட அந்த விமானிகளின் மனநிலையை எழுத்தில் வடிப்பது எளிதன்று. ஆணையின் அறிவுடைமை குறித்து இன்றும் வாதிடுகிறார்கள். நம் கருத்தில், விமானங்களைக் காப்பாற்றிய அந்த ஆணை, அவற்றின் பயனைக் காப்பாற்றவில்லை. வார்சாவைச் சுற்றியே அமைந்திருந்த கண்காணிப்பு வலையும் தொலைபேசியும் பிடுங்கப்பட்டபின், பி.11 வெறும் மெதுவான விமானமாயிற்று. லூப்ளின் வெளிகளில் பெட்ரோல் அரிதாயிற்று. அதனை ஏற்றிவந்த ரயில்கள் குண்டுவீச்சால் வழியிலேயே முடங்கின. ஒரு விமானத்தை அனுப்ப மற்றொன்றின் தொட்டியைக் காலி செய்யும் நிலை. தரையில் செல்லும் ஊழியர்கள் அகதிகளால் நிறைந்த சாலைகளில் லாரிகளோடு ஊர்ந்து, விமானம் இறங்கிய இடத்தைத் தேடி அலைந்தார்கள்.

இந்தப் பின்னடைவின்போதுதான் காலாட்படை வீரர்களிடமிருந்து அந்தக் கசப்பான கேள்வி எழுந்தது: 'நம் விமானங்கள் எங்கே?' எதிரி விமானங்கள் தலைக்குமேல் வட்டமிட, தம்முடையது ஒன்றுகூடத் தெரியாத சிப்பாய் வேறெப்படிக் கேட்பான்? ஆனால் விடை எளிய கணக்கில் இருக்கிறது. போர் தொடங்கிய நாளில் களப்பிரிவுகளில் இருந்த போலந்துப் போர்விமானங்கள் சுமார் 160. நாட்டின் பரப்பு ஏறக்குறைய 3,88,000 சதுர கி.மீ. ஒரு விமானம் 2,400 சதுர கி.மீ. வானத்தைக் காக்க வேண்டும்! பழைய விமானத்தை வைத்திருந்தவர்கள் பழி சுமந்தார்கள்; பழையதையே வைத்திருக்கச் செய்தவர்களைக் கேள்வி கேட்பார் குறைவு.

செப்டம்பர் 17, மீண்டும் ஒரு ஞாயிறு. கிழக்கிலிருந்து சோவியத் படை எல்லை கடந்தது. எஞ்சியிருந்த விமானங்களை ருமேனியாவுக்குக் கொண்டுசெல்ல ஆணை பிறந்தது. எஞ்சியவை எல்லை தாண்டி இறங்கின; ருமேனிய அதிகாரிகள் விமானங்களை எடுத்துக்கொண்டு, மனிதர்களை முகாம்களில் வைத்தார்கள். முகாம்களிலிருந்து பலர் நழுவினர்; கருங்கடற்கரையில் பால்ச்சிக் துறைமுகத்தில் கப்பலேறி, பெய்ரூத் வழியாகப் பிரான்சை அடைந்தவர் பலர்; பிரான்சும் வீழ்ந்தபின் இங்கிலாந்து.

1940 ஆகஸ்டில் இலண்டன் அருகே நார்த்தோல்ட் தளத்தில் 303-ஆம் பிரிவு உருவானபோது, அதன் விமானங்களில் மீண்டும் சிவப்புத் தொப்பியும் குறுக்கு அரிவாள்களும் தோன்றின. தீக்காயம் ஆறிய க்ராஸ்னோதெம்ப்ஸ்கி அங்கும் போலந்துத் தலைவர். செப்டம்பர் 6-ஆம் நாள் மீண்டும் விமானம் தீப்பற்றி, முன்னிலும் கொடிதாக எரிந்தார். ஜெலோன்கா வானத்தில் அவரைக் காத்த செப்ஷின்ஸ்கி அதே மாதம் 19-ஆம் நாள் இறந்தார். யானுஷெவிச் அக்டோபர் 5-ஆம் நாள். பாவ்லிகோவ்ஸ்கி 1943 மே மாதத்தில் பிரான்சின் வானில் வீழ்ந்தார். 303-ஆம் பிரிவு பிரிட்டன் போரில் 126 வெற்றிகளைக் கோரிற்று. இன்று எல்லாரும் அறிந்த கதை அது. அப்போது அவர்கள் கையில் இருந்தது ஹரிக்கேன். காதில் இருந்தது வானொலி. பின்னே இருந்தது ராடார். விமானிகள் அதே விமானிகள்.

அந்தப் பழைய பி.11 விமானங்களுள் ஒன்றே ஒன்று இன்றும் இருக்கிறது. கிராக்கோவின் 121-ஆம் பிரிவைச் சேர்ந்த அதனை ஜெர்மானியர் கைப்பற்றிப் பெர்லினில் காட்சிப்பொருளாக வைத்திருந்தார்கள். போருக்குப்பின் அது போலந்து மண்ணிலேயே கண்டெடுக்கப்பட்டு, இப்போது கிராக்கோவ் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஃபெரிச்சை மீண்டும் சந்திப்போம் என்றோம். செப்டம்பர் நாள்களின் நினைவுகளை அவர் குறிப்பேடுகளில் எழுதினார். நார்த்தோல்ட் சென்றபின் தோழர்களிடமும் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, ஒவ்வொரு சண்டையையும் அவரவர் கையாலேயே எழுதும்படி வற்புறுத்தினார். எழுத மனமில்லாதவர்களும் அவருக்கு அஞ்சி எழுதினார்கள் போலும். 1940 செப்டம்பர் 26-ஆம் நாள் அத்தளத்துக்கு வந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர் அந்த ஏட்டில் கையொப்பமிட்டார். 1942 பிப்ரவரி 14-ஆம் நாள் நார்த்தோல்ட் தளத்தின்மேலேயே ஃபெரிச்சின் விமானம் வானில் உடைந்து நொறுங்க, அவர் மாண்டார். ஏட்டை அடுத்தவர் எடுத்து, அன்றைய தேதியிட்டுத் தொடர்ந்து எழுதினார்.